விசில் அக்கா சொன்ன செய்தி

விசில் அக்காவுக்கு மெதுவாகப் பேசத் தெரியாது. தெரியாது என்றால் தெரியாதுதான். ஆஸ்பத்திரியில் "அமைதி" என்று எழுதிப்போட்ட சுவருக்கு நேர் கீழே நின்றுகொண்டு, "ஏன் இந்த இடம் இப்படி ஒரு சத்தமும் இல்லாம கிடக்கு?" என்று நாலு வார்டுக்குக் கேட்கிற மாதிரி விசாரிக்கிற ஆள். அவளைக் குற்றம் சொல்லிப் பிரயோசனமில்லை. டவுன் பஸ்ஸில் கண்டக்டர். பள்ளிக்கூடப் பிள்ளைகளும் ஆபீஸ்காரர்களும் பிதுங்கி வழிகிற வண்டியில், முன்படியில் தொங்குகிறவன் காதில் விழும்படி பின்படியிலிருந்து கத்தியே பாதி ஆயுளைக் கழித்தவள். கழுத்தில் தொங்குகிற விசிலை விட அவள் குரலுக்குத்தான் டிரைவர் பயப்படுவார். டிப்போவில் வைத்த பெயர் விசில் அக்கா. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டோடு சரி.

கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. கேட்டால், "என்கிட்ட பேசி ஜெயிக்கிற ஆம்பளை இன்னும் நம்ம பஸ்ல ஏறல" என்பாள். வீட்டில் அம்மா, தம்பி, அவள். தம்பி லிஃப்ட் மெக்கானிக். அக்கா எவ்வளவுக்கு வாயாடியோ அவன் அவ்வளவுக்கு ஊமைக்கோட்டான். அம்மாவுக்கு அவன் என்றால் உயிர். அவன் வேலை முடிந்து வரும்வரை அந்த அம்மாள் சாப்பாட்டில் கை வைக்க மாட்டாள். "நான் நாள் பூரா கத்திட்டு வந்தா ஒரு வாய் தண்ணி குடுக்க நாதியில்ல, துரை வந்தா மட்டும் தட்டு கழுவி ரெடியா இருக்கு" என்று அக்கா தினமும் சண்டை போடுவாள். தம்பி சிரித்துக்கொண்டே தன் தட்டிலிருந்து பாதியை அவள் தட்டில் தள்ளுவான். அந்த வீட்டின் சண்டையும் சமாதானமும் அவ்வளவுதான்.

அந்தத் தம்பிதான் ஒரு நாள் லிஃப்ட் குழிக்குள் விழுந்தான். மேல்மாடியில் கம்பிக்கயிற்றுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தவன் கால் வழுக்கிவிட்டது. கை கால் எலும்பெல்லாம் பரவாயில்லை, தலைதான் போயிற்று. இரண்டு காதோரமும் மண்டையோட்டில் விரிசல். ஆபரேஷன் செய்தார்கள். உயிர் தங்கியது. வாரக்கணக்கில் மூடியே இருந்த கண் கடைசியில் திறந்தது. ஆனால் அந்தப் பார்வை யார் மேலும் நிற்கவில்லை. கூப்பிட்டால் திரும்பவில்லை, கையைத் தூக்கு என்றால் தூக்கவில்லை. அந்த நிலையில்தான் மூளை அடிபட்டவர்களுக்கான மறுவாழ்வு மையத்துக்கு அவனை மாற்றினார்கள்.

அங்கே சட்டம் ஒன்று உண்டு. பெரிய டாக்டர் அவ்வப்போது வந்து ஒவ்வொருவரையும் சோதித்துப் பார்ப்பார். ஏதாவது ஒரு அசைவு, வெளியுலகம் உள்ளே போகிறது என்பதற்கு ஏதாவது ஓர் அறிகுறி இருந்தால் தங்கலாம். இல்லையென்றால் படுக்கையோடு வீட்டுக்குத் தூக்கிப்போக வேண்டியதுதான். அடுத்த நோயாளி வாசலில் காத்திருப்பான். கட்டிலில் கிடத்திவிட்டால் தம்பி கதை அதோடு முடிந்தது என்று விசில் அக்காவுக்குப் பட்டது.

அந்த மையத்தில் புலன் அறை என்று ஒன்று. ஜன்னலெல்லாம் கறுப்புத் துணி போட்டு மறைத்த அறை. மூலையில் ஆள் உயரத்துக்கு ஒரு கண்ணாடிக் குழாய், உள்ளே தண்ணீர், அடியிலிருந்து குமிழிகள் கிளம்பி மேலே போய்க்கொண்டே இருக்கும். நீலம், பச்சை, சிவப்பு என்று அதன் வெளிச்சம் மாறும். பக்கத்தில் நுனியில் மட்டும் ஒளிர்கிற கண்ணாடி இழைக் கொத்து, அதைக் கையில் கொடுத்தால் விரலுக்கிடையில் வெளிச்சம் ஓடும். அதிர்கிற தலையணை, உடம்பை அழுத்திப் பிடிக்கிற கனத்த போர்வை, உப்புத்தாளிலிருந்து வெல்வெட் வரை ஒட்டிய தொடுபலகை, சோப்பு வாசமும் எலுமிச்சை வாசமும் காபித்தூள் வாசமும் அடைத்த குப்பிகள். முதன்முதலில் பார்த்தபோது விசில் அக்கா, "என்ன பாப்பா இது, டிஸ்கோவா?" என்று கேட்டாள்.

பாப்பா என்றது தெரபிஸ்ட் பெண்ணை. மெலிந்த, கண்ணாடி போட்ட, பேசினால் பக்கத்து நாற்காலிக்குக்கூடக் கேட்காத பெண். "ஒரு நேரத்துல ஒரு புலன்தான்க்கா" என்று அவள் விளக்கினாள். "வெளிச்சம் காட்டறப்போ சத்தம் இருக்கக் கூடாது. சத்தம் குடுக்கறப்போ தொடக் கூடாது. அப்பதான் அவர் எதுக்குத் திரும்பறார்னு நமக்குத் தெரியும்."

வெளிச்சத்துக்குக் கண் லேசாக நகர்ந்தது, அவ்வளவுதான். வாசத்துக்கு ஒன்றுமில்லை. மணி அடித்தார்கள், பாட்டுப் போட்டார்கள், ஒன்றுமில்லை. கடைசியில், "நீங்க பேசிப் பாருங்கக்கா" என்றாள் அந்தப் பெண். சக்கர நாற்காலிக்குப் பின்னால் போய் நின்று, அக்கா தன் வழக்கமான குரலில், "டேய் துரை, எவ்வளவு நேரம்டா ஸ்டாப்பிங்லயே நிப்பே? போலாம், ரைட்" என்றாள். ரைட் என்று சொன்னால் உள்ளங்கை பஸ் கம்பியை இரண்டு தட்டுத் தட்டுவது அவளுக்கு மூச்சு விடுகிற மாதிரி. கம்பி இல்லாத இடத்தில் நாற்காலி முதுகைத் தட்டியது. தம்பியின் தலை மெல்லத் திரும்பியது.

அக்கா அழுதுவிட்டாள். தெரபிஸ்ட் பெண் ஓடிப்போய் டாக்டரைக் கூட்டிவந்தாள். அவர் முன்னாலும் அக்கா சொன்னாள், தம்பி திரும்பினான். "அக்கா குரல் தெரியுது. நல்ல அறிகுறி, தங்கட்டும்" என்றார் பெரிய டாக்டர். காது கேட்கிறதா என்று கருவி வைத்துச் சோதிக்க வேறு ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதாக இருந்தது. குரலுக்குத்தான் திரும்புகிறானே என்று அதைத் தள்ளிப்போட்டார்கள், பிறகு யாருக்கும் அது நினைவில்லை.

அன்று முதல் டியூட்டி முடிந்ததும் காக்கிச் சட்டையோடு வந்துவிடுவாள். வந்து பேசுவாள். எந்த டிரைவர் எங்கே இடித்தான், யார் டிக்கெட் எடுக்காமல் தூங்குகிற மாதிரி நடித்தான், பக்கத்து வீட்டுக்காரி புது சைக்கிளை எப்படிச் சாக்கடைக்குள் விட்டாள் என்று ஒன்று விடாமல் ஒப்பிப்பாள். "கேக்கறான் பாரு, வாய்தான் திறக்க மாட்டேங்கறான், முன்னாடியும் அப்படித்தானே" என்பாள். வீட்டில் அம்மா கேட்பாள், "இன்னிக்கு என்னைத் தேடினானா?" அம்மாவுக்கு இதய நோய், படி ஏற முடியாது. "தேடினான்மா, கண்ணாலேயே கேட்டான்" என்று அக்கா கூசாமல் சொல்லிவிடுவாள்.

அந்த அம்மா ஒரு மத்தியானம் நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்ச் சேர்ந்தாள். அடக்கத்துக்கு டிப்போவிலிருந்து நிறையப் பேர் வந்தார்கள். ஆனால் கூடப் பிறந்தவன் என்று தோளோடு தோள் நிற்க அவளுக்கு ஒருவன்தான், அவன் குமிழிக் குழாயைப் பார்த்துக்கொண்டு நாற்காலியில் கிடந்தான்.

மூன்றாம் நாள் போய் அவனிடம் சொன்னாள். கனத்த போர்வையைப் போர்த்தி, நேர் எதிரே முட்டி போட்டு உட்கார்ந்து, ஆயுசில் முதல்முறையாக மெதுவாகச் சொன்னாள். "அம்மா போயிட்டாடா. வலியெல்லாம் இல்ல. உன்னைத்தான் கேட்டுட்டே இருந்தா." சொல்லிவிட்டு அவளே தேம்பினாள். அவன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். இடது கண்ணிலிருந்து ஒரு சொட்டு கிளம்பிக் கன்னத்தில் இறங்கியது. அதைத் தன் சட்டைக் கையால் துடைத்தாள்.

அந்த ஒரு சொட்டை வைத்துக்கொண்டுதான் அவள் பிறகு வந்த மாதங்களை ஓட்டினாள். டிரைவரிடம் சொன்னாள், செக்கரிடம் சொன்னாள், தினம் பஸ்ஸில் வருகிற டீச்சரிடம் சொன்னாள். "என் தம்பி அம்மாவுக்கு அழுதுட்டான். அந்த நிலைமையிலயும் அழுதான் பாருங்க." தனியாக அழவில்லை என்பது அவளுக்குப் பெரிய ஆறுதல். அதைப் பறிக்க யாருக்குத்தான் மனசு வரும்?

பறித்தது தரையில் போட்ட ஒரு மெத்தை. நாற்காலியிலேயே உட்கார்ந்து முதுகு புண்ணாகிறது என்று, அறையின் நடுவில் தடிமனான பஞ்சு மெத்தையை வாங்கிப் போட்டார்கள். தம்பியை அதில் சாய்த்து உட்காரவைத்தார்கள். அக்கா பின்னால் உட்கார்ந்து, "போலாம், ரைட்" என்றாள். கை மெத்தையில் விழுந்தது. தலை திரும்பவில்லை. குரலை உயர்த்தினாள். ஜன்னல் துணியே ஆடியிருக்கும், தம்பி அசையவில்லை. "தூக்கக் கலக்கம்" என்றாள் அக்கா. மறுநாள் நாற்காலியில் திரும்பினான். அதற்கு அடுத்த நாள் மெத்தையில் திரும்பவில்லை. தெரபிஸ்ட் பெண் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டாள்.

"அக்கா, நாற்காலியிலயே இருக்கட்டும். நீங்க கையை மடியில வெச்சுட்டுப் பேசுங்களேன்."

"ஏன், என் கை என்ன பண்ணுச்சு?"

"சும்மாதான்."

வைத்தாள். ரைட் என்ற சொல் வாயிலிருந்து வருவதற்குள் கை கிளம்பிவிட்டது. அவளுக்கே சிரிப்பு வந்தது. "கை மேல உட்கார்ந்துக்குங்கக்கா" என்றாள் அந்தப் பெண். ஸ்டூலில் இரண்டு கையையும் அடியில் கொடுத்து உட்கார்ந்துகொண்டு சொன்னாள். தம்பி குமிழிகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். மறுபடி சொன்னாள். பேர் சொல்லிக் கூப்பிட்டாள். கத்தினாள். கழுத்து விசிலை எடுத்து ஊதினாள். காரிடாரில் யாரோ தட்டைக் கீழே போட்டார்கள், அவன் இமைகூட அசையவில்லை.

தெரபிஸ்ட் பெண் எழுந்து வந்து, நாற்காலி முதுகில் உள்ளங்கையால் இரண்டு முறை தட்டினாள். தம்பி திரும்பிப் பார்த்தான்.

அக்கா எரிந்து விழுந்தாள். "நீ சும்மா இரு பாப்பா. ஒரு நாள் சோர்ந்து கிடக்கான்னா உடனே செவிடுன்னு முடிவு பண்ணிடுவியா? எட்டு மாசமா என் பேச்சைக் கேட்டுட்டு இருக்கான். உனக்கென்ன தெரியும்?" அந்தப் பெண் மறுபடி நாற்காலி முதுகைத் தட்டினாள். தம்பி மறுபடி திரும்பியதைப் பார்த்ததும் அக்காவுக்குக் கோபம் போய்ப் பயம் வந்துவிட்டது.

கருவி உள்ள ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். தலையில் ஒயர்களை ஒட்டி, காதுக்குள் சத்தம் அனுப்பி, மூளைக்குப் போய்ச் சேர்கிறதா என்று பார்த்தார்கள். சேரவில்லை. விழுந்த அன்றே இரண்டு பக்க நரம்பும் போயிருக்கிறது. "முதல்லயே பாத்திருக்கணும்மா. எங்க தப்புதான்" என்றார் பெரிய டாக்டர். நல்ல மனிதர், தலை குனிந்துதான் சொன்னார். அவரைத் திட்டி என்ன ஆகப்போகிறது? அக்கா திட்டவில்லை. வெளியே வந்து தெரபிஸ்ட் பெண்ணிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அப்போ அன்னிக்கு அழுதானே?"

அந்தப் பெண் கையைப் பிசைந்தாள். "குமிழி வெளிச்சத்தை ரொம்ப நேரம் பாத்தா சில பேருக்குக் கண்ணுல தண்ணி வரும்க்கா. இவங்க கண் சிமிட்டறதும் கம்மி. நீங்க அழுததைப் பாத்தும் வந்திருக்கலாம். எனக்குத் தெரியலக்கா."

தெரியாதாம். விசில் அக்கா மறுநாள் டியூட்டிக்குப் போனாள். ஸ்டாப்பிங் பெயர் சொல்லக் குரல் வரவில்லை. "என்னக்கா, விசில் ரிப்பேரா?" என்று டிரைவர் கேட்டார். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டதைப் பார்த்துவிட்டு, அன்றைக்கு முழுக்க அவரே ஸ்டாப்பிங் சொல்லி வண்டி ஓட்டினார். அம்மா செத்ததை விட இது அவளுக்குப் பெரிய அடி. அம்மாவுக்கு அழத் துணை இருந்தது என்று நினைத்தாள், இப்போது அந்தத் துணையும் இல்லாத அழுகையை முதலிலிருந்து அழ வேண்டியிருந்தது.

ஆனால் தம்பிக்கு அது விடிவுகாலம். இத்தனை மாதமும் "கையைத் தூக்குங்க, கண்ணை மூடுங்க" என்று வாயால் சொல்லிவிட்டு, செய்யவில்லை, புத்தி உள்ளே இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். இப்போது தெரபிஸ்ட் பெண் எதிரே உட்கார்ந்து, தன் கையைத் தூக்கிக் காட்டினாள். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அவனும் தூக்கினான். பெரிய பொத்தானை அமுக்கினால் குழாயின் நிறம் மாறும் என்று செய்து காட்டினாள். அமுக்கினான். நீலம் வந்ததும் அவளைப் பார்த்தான். அந்தப் பெண் காரிடாருக்குப் போய்ச் சுவரில் சாய்ந்து அழுதாள். பாவி மகன் எப்போதிலிருந்தோ உள்ளேதான் இருந்திருக்கிறான். மீன் தொட்டி முன்னால் உட்கார்ந்தவன் மாதிரி, எல்லார் வாயும் திறந்து மூடுவதை மாதக்கணக்கில் பார்த்துக்கொண்டு.

அதன் பிறகு நாளுக்கு நாள் தேறினான். பேச்சு வரவில்லை, எழுத்தும் பிடிபடவில்லை. எழுத்தை அடையாளம் காணுகிற இடம் மூளையில் நசுங்கியிருந்தது. அதனால் ஒரு பலகையில், எடுத்து மறுபடி வைக்கிற மாதிரி, படங்கள் ஒட்டினார்கள். தண்ணீர் டம்ளர், கட்டில், வலிக்கிற முகம், வீடு. "தெரிஞ்ச முகங்களும் கொண்டாங்கக்கா" என்றாள் தெரபிஸ்ட் பெண். அக்கா தன் போட்டோவையும் அம்மா போட்டோவையும் எடுத்துவந்தாள். அம்மா இல்லாமல் என்ன பலகை என்று கொண்டுவந்தாளே தவிர, வேறு எதையும் யோசிக்கவில்லை.

ஒட்டிய அன்றே அவன் அம்மா படத்தின் மேல் விரலை வைத்தான். வைத்துவிட்டு வாசலைப் பார்த்தான்.

"சொன்னேனே" என்றாள் அக்கா. அவளை அறியாமல் வந்துவிட்டது. "இதே ரூம்ல சொன்னேனே, பாப்பா."

அவன் மறுபடி விரலை வைத்தான், மறுபடி வாசலைப் பார்த்தான். அக்காவின் கை தானாகப் போய் வீட்டுப் படத்தைத் தொட்டது. அம்மா, வீடு. அம்மா வீட்டில் இருக்கிறாள். தம்பியின் முகத்தில் ஒரு பக்கம் மட்டும் இழுத்துக்கொண்டு சிரிப்பு வந்தது. விழுந்த பிறகு அவன் சிரித்த முதல் சிரிப்பு அது. அதற்கு மேல் யாரால் என்ன சொல்ல முடியும்?

தினமும் கேட்டான். தினமும் வீட்டைக் காட்டினாள். அவன் வெறி பிடித்த மாதிரி உழைக்கத் தொடங்கினான். இரண்டு கம்பிகளுக்கு நடுவில் எழுந்து நின்றான், விழுந்தான், நின்றான். ஒவ்வொரு அடிக்கும் பலகையில் வீட்டைக் காட்டி, அம்மாவைக் காட்டினான். டாக்டருக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். "அடுத்த வாரம் வீட்டுக்குப் போகலாம்" என்றார்.

தெரபிஸ்ட் பெண் அக்காவைத் தனியாகக் கூப்பிட்டாள். "தப்பு பண்ணிட்டீங்கன்னு நான் சொல்ல வரலக்கா. ஆனா கதவைத் திறந்து உள்ள போனதும் தேடுவாரே."

"தெரியும்."

"நான் வேணா கூட இருக்கட்டுமா?"

"வேணாம் பாப்பா. நானே சொல்றேன். ரெண்டாவது தடவைதானே." சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை.

கிளம்புவதற்கு முந்தைய நாள் மத்தியானம், புலன் அறையில் எல்லா விளக்கையும் அணைத்து, குமிழியையும் நிறுத்தி, ஒரு ஜன்னலின் கறுப்புத் துணியை மட்டும் அக்கா விலக்கினாள். பலகையைத் தூக்கி இருவர் மடிக்கும் நடுவில் வைத்துக்கொண்டாள். வீட்டுப் படத்துக்குப் பக்கத்தில் இருந்த அம்மா படத்தை எடுத்தாள். விளையாட்டு என்று நினைத்துத் தம்பி சிரித்தான். அவள் கையிலிருந்து பிடுங்கி மறுபடி வீட்டுக்குப் பக்கத்தில் ஒட்டினான். அவள் எடுத்தாள். அவன் சிரிப்புக் குறைந்தது. கட்டில் படத்தைத் தொட்டு, தூங்குகிறாளா என்று கேட்டான். இல்லை என்று தலையாட்டினாள்.

அவன் வலது கையைப் பிடித்துத் தன் நெஞ்சில் வைத்து அழுத்திக்கொண்டாள். உள்ளே இதயம் பதறிக்கொண்டு அடித்தது. கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தாள். பிறகு அந்தக் கையை எடுத்து அம்மா போட்டோவின் மேல் வைத்தாள். வழுவழு காகிதம். மறுபடி தன் நெஞ்சில். மறுபடி காகிதத்தில். மூன்றாம் முறை கொண்டுபோனபோது அவன் கை வர மறுத்தது.

அவள் முகத்தையே உற்றுப் பார்த்தான். விரலால் அவள் கண்ணுக்குக் கீழே தொட்டான், அவள் வாயைத் தொட்டான், எதிரே தரையைக் காட்டினான். அவள் அன்று முட்டி போட்டு உட்கார்ந்து வாயசைத்து அழுத இடம். அவளுக்குப் புரிந்தது. ஆமாம் என்று தலையாட்டினாள்.

தம்பியின் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் கிளம்பியது. விழுந்த நாளிலிருந்து அவன் எழுப்பாத குரல். கரகரத்து, பிளந்து, ஏறிக்கொண்டே போனது. காரிடாரில் நடந்தவர்கள் நின்றார்கள், தெரபிஸ்ட் பெண் கதவு வரை ஓடிவந்து நின்றுவிட்டாள், அடுத்த வார்டில் ஏதோ ஒரு குழந்தை பயந்து அழுதது. அந்தக் கட்டிடத்தில் எல்லாருக்கும் கேட்டது. அவன் ஒருவனுக்குத்தான் கேட்கவில்லை. எவ்வளவு சத்தமாக அழுகிறோம் என்று தெரியாமலே, அக்காவின் சட்டையைப் பிடித்துக்கொண்டு அவன் அழுதுகொண்டிருந்தான்.